பாதி திறந்த வால்வும் ஒரு மாம்பழமும்

உங்களில் யாராவது சாப்பாட்டுப் பையை வால்வு கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்திருந்தால், முதலில் போய் அதை எடுத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். நான் காத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நாலு வார்த்தை என்று கேட்டவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் பூவத்துக்காரி. இந்தத் தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்த முதல் பெண். வேலையில் சேர வந்த அன்று வாசலில் நின்ற காவலாளி, "டைப்பிஸ்ட் வேலைக்காம்மா?" என்று கேட்டார். கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த ஸ்பேனரைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பணிக்காலம் முடியும்வரை எனக்குச் சல்யூட் அடித்தார். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை.

பால் வால்வு, அதாவது பந்து வால்வு, ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளே ஓர் இரும்பு உருண்டை. உருண்டைக்கு நடுவில் ஓர் ஓட்டை. கைப்பிடி குழாயோடு சேர்ந்து ஒரே திசையில் படுத்திருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் வட்டம் திருப்பினால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் ஆளாளுக்கு அதன்மேல் உரிமை எடுத்துக்கொள்கிறார்கள். நனைந்த சட்டையைக் காயப்போடுகிறார்கள். குடையை மாட்டுகிறார்கள். ஒருமுறை ஒரு கைப்பிடியில் பை நிறைய சங்கரா மீன் தொங்கியது. கைப்பிடி இறுகிவிட்டால் எண்ணெய் போட யாருக்கும் மனசு வராது. நீளமான குழாயைச் செருகி, மாட்டை இழுப்பதுபோல் இழுத்து, உள்ளே இருக்கும் தண்டை முறுக்கிவிட்டு, "வால்வு சரியில்லீங்க" என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. வால்வைப் பாதியில் விட்டுவைப்பது.

உருண்டைக்கு முன்னும் பின்னும் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். சீட் என்போம். உங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாமல் தோசை வார்க்கும் கல்லின் மேல் பூசியிருக்கிறார்களே, அதே சாமான். வழுவழுப்பானது, பாவம், மென்மையானது. வால்வு முழுசாகத் திறந்திருந்தால் அதற்குத் தொந்தரவு இல்லை. முழுசாக மூடியிருந்தாலும் இல்லை. பாதியில் நிறுத்தினால் மட்டும், போகிற திரவமெல்லாம் ஒரு சின்ன இடுக்கு வழியாகச் சீறிக்கொண்டு போகும். நாள் போகப்போக அந்த வளையத்தின் ஓரத்தை அரித்துவிடும். அப்புறம் நீங்கள் கைப்பிடியை எவ்வளவு அழுத்தி மூடினாலும் வால்வு மூடாது. ஆனால் கைப்பிடி மட்டும் "மூடியாச்சு" என்று சொல்லிக்கொண்டு குறுக்கே நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் மெயின்டனன்ஸ் பொறுப்பாளராக இருந்த காலத்தில் எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வைத்தியலிங்கம். ஊர் சுரக்குடி. உற்பத்திப் பிரிவில் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்தால் வயல், வயல் முடிந்தால் ஷிப்ட் என்று இருந்தவர். நல்ல ஆகிருதி, வாசலில் அவர் நின்றால் நாம் பின்வாசல் தேட வேண்டும். நாங்கள் வைத்தி என்போம். இன்னொருவன் செல்வமணி. காரைக்கால்மேட்டுக்காரன், என் பிரிவில் பிட்டர், அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவன்தான் கரையில் தங்கி எங்களிடம் மாட்டினான். ஒடிசலான உடம்பு, உடும்புப் பிடி.

இருவருக்கும் ஓயாமல் சண்டை. ஆபரேட்டர் கெடுப்பார், பிட்டர் சரிசெய்ய வேண்டும் என்பது எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள மாமியார் மருமகள் சண்டைதான். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தி தன் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கொடுப்பார், செல்வமணி நெத்திலிக் கருவாடு கொடுப்பான். அந்த நேரத்தில் இருவரும் சண்டையைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

வைத்திக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முழுசாகத் திறக்க மாட்டார். வயலுக்கு மடையைத் திறக்கிறவருக்கு அது கையோடு வந்த புத்தி. கொஞ்சமாகத் திறந்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் நிதானமாகப் பாய்வதைப் பார்க்க வேண்டும். செல்வமணிக்கு வேறொரு பழக்கம். எதையும் கட்டாமல் விட மாட்டான். கட்டாமல் விட்டால் அலை கொண்டுபோய்விடும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவன். அவன் டூல் பெட்டி, தண்ணீர் பாட்டில், ஏறி நிற்கும் ஏணி எல்லாவற்றிலும் வலை பின்னும் நைலான் கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சை அவனைத் தவிர ஒருவராலும் அவிழ்க்க முடியாது. நான் பல்லால் கடித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

மாங்கனித் திருவிழா அன்றுதான் இது நடந்தது. நீங்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தால் சொல்கிறேன்: அன்றைக்குச் சாமி வீதியில் வரும்போது வீடுகளின் மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். தலையில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே பிடிக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. செல்வமணிக்கும் அவன் மனைவி சுமதிக்கும் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. போகாத ஆஸ்பத்திரி இல்லை. ஒவ்வொரு வருஷமும் திருவிழா அன்று அவனுக்கு ஏதாவது வேலை வந்து தொலையும். அந்த வருஷம் சுமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இரண்டு பேரும் சேர்ந்து நின்று பிடிக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும். அவனும் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

அன்று எங்களுக்கு ஒரே ஒரு வேலை. காஸ்டிக் கரைசல் நிற்கும் இரண்டு டேங்குகளில் முதலாவதைக் காலி செய்திருந்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கி அடியில் படிந்த சேற்றை வாரிப்போட வேண்டும். மறுநாள் காலையில் டேங்க் திரும்ப ஓட்டத்துக்கு வர வேண்டும். காஸ்டிக் என்றால் சூடான காஸ்டிக். தோலில் பட்டால் தோல் நம்மோடு இருக்காது, கண்ணில் பட்டால் கண் இருக்காது. டேங்கின் நுழைவாயிலோ குறுகல். திருவிழா லீவு எடுத்தவர்கள் போக மீதி இருந்தவர்களில் அதில் நுழையும் உடம்பு செல்வமணிக்கு மட்டும்தான். வைத்திக்குத் தலை நுழையும், தொப்பை நுழையாது. என் உடம்பைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

வேலை முடிந்த உடனே நீ கிளம்பலாம் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் விடியும்போதே வந்துவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் டேங்கைக் கழுவி, காற்று ஊதி, உள்ளே காற்றைச் சோதித்து, ரப்பர் உடுப்பும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரித் தயாராக நின்றான். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இறங்க வேண்டியதுதான்.

"தட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

தட்டு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டேங்குக்குள் வரும் குழாயின் இணைப்பைப் பிரித்து, நடுவே ஒரு கனத்த இரும்புத் தகட்டைச் செருகி இறுக்குவது. வால்வு கைவிட்டாலும் தகடு விடாது. ஆள் இறங்கும் டேங்குக்குத் தட்டுப் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் அந்த இணைப்பின் போல்ட்டுகள் கன்னாபின்னாவென்று துருப்பிடித்துக் கிடந்தன. பிரித்துப் போடுவதற்குள் சாமி பாதித் தெருவைத் தாண்டிவிடும்.

"வால்வு மூடியிருக்குக்கா. நானே மூடி நானே கட்டிப்புட்டேன். உள்ள எட்டிப் பாருங்க, சொட்டு இல்ல. இன்னிக்கு ஒரு நாளு தட்டு வேணாங்க்கா," என்றான்.

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். குழாயின் வாய் உலர்ந்திருந்தது. வால்வின் கைப்பிடி சரியாகக் குறுக்கே நின்றது. அதைப் பக்கத்துத் தாங்குகம்பியோடு சேர்த்து அவனுடைய புகழ்பெற்ற முடிச்சு பிடித்திருந்தது. யானை இழுத்தாலும் நகராது. பக்கத்தில் வைத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள்தான். சும்மா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அவிழ்க்க முடியாத முடிச்சின்மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. அப்போதுதான் தாங்குகம்பியில் இன்னோர் இடம் கண்ணில் பட்டது. கயிறு கட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, பச்சைப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. வளையமாக, கயிறு உரசிய தடம். ஒரு நாள் இரண்டு நாள் உரசலில் அப்படிப் பெயின்ட் போகாது.

கைப்பிடி மூடிய நிலையில் இருந்தால் கயிறு அந்த இடத்துக்குப் போகாது. முழுசாகத் திறந்திருந்தால் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கையால் அளந்து பார்த்தேன். கைப்பிடி சரிபாதியில் நின்றால்தான் கயிறு அங்கே வரும்.

"இங்க யாரு கட்டுனது?" என்றேன்.

செல்வமணி வைத்தியைப் பார்த்தான். வைத்தி டீ கிளாஸுக்குள் பார்த்தார். வகுப்பறையில் ஜன்னலை உடைத்த இரண்டு பையன்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் இரண்டு பையன்களைப் பெற்றவள்.

"வைத்தி, எவ்வளவு நாளா இது பாதியில ஓடுது?"

"அது வந்துங்க மேடம்..."

"வந்தது போதும். சொல்லுங்க."

"முழுசாத் தொறந்தா டேங்கு சட்டுன்னு ரொம்பிடுதுங்க. அலாரம் கத்துது. ஓடி ஓடி மூட வேண்டியிருக்கு. பாதி தொறந்து வுட்டா நெதானமா ரொம்பும், நாமளும் செத்த ஒக்காரலாம். ஆனா பம்ப் ஓடையில கொழா நடுங்குதா, கைப்புடி தானா நவுந்து போயிடுது. அதான் தம்பிகிட்ட..."

"நாந்தாங்க்கா கட்டிக் குடுத்தேன்," என்றான் செல்வமணி. "அண்ணன் கேட்டாரு. ஒரு முடிச்சுதானேன்னு..."

"எப்பலேருந்து?"

"போன அறுப்புலேருந்துங்க," என்றார் வைத்தி. அவருடைய காலண்டர் அது.

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பேன். மடைத் தண்ணீர்ப் புத்தியும் படகுக் கயிற்றுப் புத்தியும் தனித்தனியாக இருந்தவரை எங்கள் வால்வுகள் பிழைத்திருந்தன. இரண்டும் கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் ராசியாகி, மாசக்கணக்கில் அந்த வெள்ளை வளையத்தை அரிக்க விட்டிருக்கின்றன. இப்போது அதே வால்வை நம்பி, கயிறு கட்டிக் கொடுத்தவனே உள்ளே இறங்க நிற்கிறான்.

"இந்த வால்வு மூடாது," என்றேன்.

"உள்ள காஞ்சு கெடக்குதே அக்கா!"

"பம்ப் ஓடல, அதான் காஞ்சு கெடக்கு. பம்ப் ஓடுனா வரும்."

ஒரே பம்ப்தான் இரண்டு டேங்குக்கும். இரண்டாவது டேங்கில் மட்டம் இறங்கினால் அது தானாக ஓட ஆரம்பிக்கும். இப்போதே ஓட்டிச் சோதித்துவிடலாமே என்று கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். இரண்டாவது டேங்க் விளிம்புவரை நிற்கிறது, ஓட்டினால் வழிந்துவிடும், மட்டம் இறங்கட்டும் என்றார்கள். எப்போது இறங்கும்? மதியத்துக்கு மேல் ஆகும்.

செல்வமணி அதையே பிடித்துக்கொண்டான். "அதாங்க்கா, மதியத்துக்கு மேலதானே பம்ப் ஓடும்? அதுக்குள்ள நான் முடிச்சுட்டு வெளிய வந்துடுவேன். இல்லாட்டி பம்பைப் பூட்டிடுங்க."

நியாயமான பேச்சு போலத்தான் தோன்றும். உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். ஆனால் பம்பை ரொம்ப நேரம் பூட்டி வைத்தால் இரண்டாவது டேங்க் வறண்டு முழுத் தொழிற்சாலையும் நின்றுவிடும். உள்ளே ஆள் இருக்கும்போது சாவியைக் கேட்டு நாலு பேர் என் தலைமேல் நிற்பார்கள். மதியத்துக்கு மேல் என்பதும் ஒருவர் குத்துமதிப்பாகச் சொன்னது. சேறு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். இப்படி எல்லாமே யாரோ ஒருவருடைய யூகத்தில் நின்றது. அவன் உடம்பு மட்டும் யூகம் இல்லை.

தயாரிப்பு மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் தங்கமானவர். "டேங்க் காலையில வேணும்மா. ஆனா இறக்கறதா வேண்டாமாங்கறதை அங்க நிக்கிற நீங்கதான் சொல்லணும்," என்றார். பெரியவர்கள் இப்படி நம்பிக்கை வைத்தால்தான் எனக்குப் பயம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுத் தைரியமாக இருந்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்துச் செல்வமணியின் போன் அடித்தது. சுமதி. சத்தம் எனக்கே கேட்டது. பின்னால் நாதஸ்வரம். "எங்க இருக்கீங்க? கூட்டம் சேந்துடுச்சு. நான் மாடிவீட்டு ஓரமா எடம் புடிச்சு நிக்கிறேன். வந்துடுவீங்கள்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவில்லை.

"வந்துடுறேன்," என்று சொல்லிப் போனை வைத்தான். பிறகு என்னிடம், மெதுவாகத்தான் சொன்னான்: "ஒங்களுக்கு ரெண்டு புள்ள இருக்குக்கா. ஒங்களுக்கு இது புரியாது."

பல வருஷம் கூட வேலை பார்த்தவன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் காலா மீன் கொண்டுவந்து கொடுத்தவன். அந்த வார்த்தை நேராக வந்து தைத்தது. ஒரு நிமிஷம், கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தைவிட இரக்கம்தான் நம் வேலையில் அதிகம் தடுமாற வைக்கும். மேலதிகாரி அவசரப்படுத்தினால் எதிர்த்துக்கொண்டு நின்றுவிடலாம். கூட இருப்பவன் கண் கலங்கினால் என்ன செய்வது?

"புரியாட்டி போவுது," என்றேன். "தட்டுப் போடாம நீ எறங்க மாட்ட. வேணும்னா வேலைய வுட்டுட்டு இப்பவே கெளம்பு. டேங்கு காலையில கெடைக்கலன்னா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவன் போகவில்லை. அதுதான் செல்வமணி. போய் ஸ்பேனரையும் சுத்தியலையும் எடுத்துவந்தான். பம்பைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் அந்தத் துருப்பிடித்த போல்ட்டுகளை அடித்த அடியில், அவற்றின் இடத்தில் அவன் யாரை நினைத்துக்கொண்டான் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

வைத்தி தட்டைத் தூக்கிக்கொடுத்தார், போல்ட்டைப் பிடித்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி போல்ட் இறுகியபோது அவருடைய ஷிப்ட் முடிந்திருந்தது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"வைத்தி, பைக் இருக்குல்ல?"

"இருக்குங்க மேடம்."

"நேரா திருவிழாவுக்குப் போங்க. சுமதி மாடிவீட்டு ஓரமா நிக்குது. நீங்க நின்னா பின்னாடி ஒருத்தன் கை நீட்ட முடியாது. ஒரு பழம் புடிச்சுக் குடுக்காம சுரக்குடி பக்கம் தலவச்சுப் படுக்கக்கூடாது."

"நான் போயி புடிச்சா செல்லுமாங்க மேடம்? அவுங்க ரெண்டு பேரும் சேந்தில்ல..."

"பாதி வால்வு செல்லும்னு நெனச்சீங்கல்ல? இதுவும் செல்லும். கெளம்புங்க."

அவர் ஹெல்மெட்டைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினார். அந்த உடம்பு ஓடி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பம்பின் பூட்டைத் திறந்து கொடுத்தேன். செல்வமணி டேங்குக்குள் இறங்கினான். வால்வுக்கும் தட்டுக்கும் நடுவில் குழாயின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய் உண்டு. அதைத் திறந்து, குழாயை நன்றாகக் குத்திச் சுத்தம் செய்து, கீழே ஒரு பெரிய வாளியை வைத்தேன். வால்வு யோக்கியமானது என்றால் வாளி காலியாகவே இருக்கும். நான் வீண் பிடிவாதம் பிடித்து ஒருவன் குடும்பத்தின் நாளைக் கெடுத்தேன் என்று ஆகும். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

உள்ளே சேறு எதிர்பார்த்ததைவிடக் கெட்டி. மண்வெட்டி மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் காலையிலேயே இறங்கியிருந்தாலும் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான். அப்போதுதான், மதியத்துக்கு மேல் என்று சொன்னார்களே, அந்தப் பம்ப் மதியத்துக்கு முன்பே உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆலையில் எங்கோ அன்று கூடுதலாகக் காஸ்டிக் இழுத்திருக்கிறார்கள். மட்டம் சீக்கிரம் இறங்கிவிட்டது. யார் மீதும் தப்பில்லை.

குழாய் நடுங்கியது. வடிகுழாயில் முதலில் காற்று புஸ்ஸென்று வந்தது. அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் விரல் பருமனுக்கு, ஆவி பறக்க, விடாமல் கொட்டியது. கைப்பிடி குறுக்கே நின்றது. முடிச்சு அசையவில்லை. வாளி நிறைந்துகொண்டிருந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம், செல்வமணி மண்வெட்டியோடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கூப்பிட்டேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை இழுத்தேன். ஏறி வெளியே வந்து முகமூடியைக் கழற்றினான். "என்னக்கா?"

வாளியைக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். வாளியைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான், தன் முடிச்சைப் பார்த்தான். பிறகு டேங்கின் உள்ளே, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். அது சரியாக, அவன் உள்ளே நின்ற இடத்தில், தலைக்கு மேலே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வடிகுழாயை மூடிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அழுதேன். காஸ்டிக் ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அவனும் அதே காரணத்தைச் சொன்னான்.

மீதிச் சேற்றை வாரி முடித்து அவன் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது வைத்தி திரும்பி வந்தார். சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். இரண்டு கையாலும் ஹெல்மெட்டை ஏந்தி, சாமி பல்லக்குத் தூக்குவதுபோல் நடந்து வந்தார். ஹெல்மெட்டுக்குள் வாழையிலைத் துண்டில் பாதி மாம்பழம்.

"மொதப் பழம் நெத்தியில வுழுந்துச்சு, அத எவனோ தூக்கிட்டான். ரெண்டாவதத் தங்கச்சியே புடிச்சுடுச்சு. நான் சும்மா ரெண்டு பேர மறிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்," என்றார். "அது பாதி சாப்புட்டுச்சு. மிச்சம் பாதி ஒனக்காம். ஆறிப்போறதுக்குள்ள தின்னு."

"மாம்பழம் எப்புடிண்ணே ஆறும்?" என்றான் செல்வமணி. ஆனால் வாங்கித் தின்றான். கொட்டையைக்கூட விடவில்லை. வைத்தியின் கண் அப்போதுதான் அந்த வாளியில் விழுந்தது. தாங்குகம்பியில் தேய்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த முடிச்ச அவுத்துடுப்பா," என்றார்.

வால்வைப் பிறகு கழற்றிப் பிரித்தோம். வெள்ளை வளையத்தில் ஓர் ஓரம் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன். அதற்குமேல் திட்ட எனக்கும் தெம்பில்லை. புது வால்வு போட்டோம். நிதானமாக நிரப்ப வேண்டும் என்ற வைத்தியின் ஆசையில் நியாயம் இருந்தது. அதற்கென்றே செய்த வேறு வகை வால்வை அதற்கு அடுத்தாற்போல் வைத்தோம். அவர் அதைத் தன் மடை என்றுதான் சொல்வார்.

இப்போது அந்த வைத்தி முழுநேர விவசாயி. செல்வமணி யார் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஷிப்டின் மெயின்டனன்ஸ் பொறுப்பாளர். வால்வு மூடியிருக்கிறது என்று நீங்கள் போய்ச் சொன்னால், "யாரு சொன்னா? கைப்புடியா?" என்று கேட்டு உயிரை எடுப்பானே, அவனேதான். கேட்டால் கோபப்படாதீர்கள். அவன் கேட்பதில் காரணம் இருக்கிறது.

மாம்பழம் பலித்ததா என்று கேட்பீர்கள். மாம்பழமோ மருந்தோ எனக்குத் தெரியாது, நான் வால்வு பார்த்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டுக்குப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும். கதவு பாதி திறக்கும். இரட்டைச் சடையும் பல் விழுந்த வாயுமாக ஒருத்தி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, யார் நீங்கள் என்று விசாரிப்பாள். நீங்கள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் அப்பாவின் குரல் வரும்:

"ஏய், பாதில நிக்காத! தொறந்தா முழுசாத் தொற, இல்லன்னா முழுசா மூடு!"